வாயு விதிகளும் மாறிலிகளும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் வாயு விதிகளைப் பற்றிய சந்தேகம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, பிளஸ் ஒன், பாலிடெக்னிக் வகுப்புகள். இன்னொன்று, கம்ப்ரஸர் ஓடும் இடங்கள்: ஏர்ஜெட் தறிக்கூடம், டயர் கடை, ஒர்க்‌ஷாப், தோட்டத்துப் போர்வெல். கேட்கும் ஆள் வேறானாலும் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்று பார்க்காமலே கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே கீழே தந்திருக்கிறோம்.

டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ். கணக்குகளில் கோவையின் காற்றழுத்தத்தை 0.965 பார் என்று எடுத்திருக்கிறோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு அது. பி அழுத்தம், வி கனஅளவு, டி கெல்வினில் வெப்பநிலை, என் மோல் எண்ணிக்கை (வாயு எவ்வளவு என்பதை மூலக்கூறு எண்ணிக்கையில் சொல்லும் அளவு), ஆர் வாயு மாறிலி.

பாயில், சார்லஸ், கே-லூசாக், அவகாட்ரோன்னு வரிசையா இருக்குதுங்களே, அத்தனையும் மனப்பாடம் பண்ணணுங்களா?

வேண்டாம். பி.வி = என்.ஆர்.டி என்ற ஒரே சமன்பாடு போதும். என், டி இரண்டும் மாறாவிட்டால் பி.வி மாறாது; அது பாயில் விதி. என், பி மாறாவிட்டால் வி/டி மாறாது, சார்லஸ் விதி. என், வி மாறாவிட்டால் பி/டி மாறாது, கே-லூசாக் விதி. பி, டி மாறாவிட்டால் வி/என் மாறாது, அவகாட்ரோ விதி.

வரலாற்றில் இவை தனித்தனியாகத்தான் வந்தன. பாயில் 1662-இல் வெளியிட்டார். சார்லஸ் 1787 வாக்கில் கண்டதை அச்சில் கொண்டுவரவில்லை; 1802-இல் கே-லூசாக் தம் அளவீடுகளோடு வெளியிட்டார். அவகாட்ரோவின் கருத்து 1811-இல் வந்தது. 1834-இல் கிளாப்பெய்ரான் இவற்றைச் சேர்த்து ஒரே சமன்பாடாக எழுதினார். தேர்வில் விதியின் வாசகம் கேட்பார்கள் என்பதால் அதைப் படித்துக்கொள்ளுங்கள். கணக்கைப் போட சேர்ந்த சமன்பாட்டிலிருந்தே தொடங்குங்கள்.

பாயில் விதில ஒரு 'கே' வருது, சார்லஸ் விதிலயும் ஒரு 'கே' வருது. ரெண்டும் ஒண்ணுதானுங்களா சார்?

ஒன்றில்லை. பாயில் விதியின் கே என்பது என்.ஆர்.டி. சார்லஸ் விதியின் கே என்பது என்.ஆர்/பி. அலகே வேறு: முதலாவது லிட்டர்-கிலோபாஸ்கல், இரண்டாவது கெல்வினுக்கு இத்தனை லிட்டர்.

இந்த இரண்டு கே-யும் அந்தந்தச் சோதனைக்கு மட்டுமே மாறிலி. 100 கிலோபாஸ்கலில் 2 லிட்டர் காற்றை எடுத்தால் பாயிலின் கே 200. அதே சிரிஞ்சில் இன்னொரு மடங்கு காற்றை அடைத்தால் 400. காற்றின் அளவை மாற்றாமல் அறை சூடேறினாலும் கே ஏறும். சோதனைக்குச் சோதனை மாறாமல், எந்த வாயுவானாலும், எந்த ஊரானாலும் ஒன்றாகவே நிற்பது ஆர் மட்டும்தான். "மாறிலி" என்று பார்த்ததும் "எதெது மாறாத வரைக்கும்?" என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

30 டிகிரி 60 டிகிரி ஆச்சுன்னா ரெண்டு மடங்குதானுங்களே? எதுக்குங்க கெல்வினுக்கு மாத்தச் சொல்றாங்க?

செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம். வாயுவுக்கு அந்த இடத்தில் ஒரு விசேஷமும் இல்லை. வாயுவின் கனஅளவை வெப்பநிலைக்கு எதிராக வரைந்து கோட்டைக் கீழே நீட்டினால் அது பூஜ்யத்தைத் தொடுவது −273.15 டிகிரியில். மடங்கு, விகிதம் எல்லாம் அங்கிருந்து எண்ணினால்தான் சரிவரும்.

30 டிகிரி என்பது 303 கெல்வின். 60 டிகிரி என்பது 333. அழுத்தம் மாறாவிட்டால் கனஅளவு 333/303 மடங்கு ஆகும், அதாவது சுமார் 10 சதவீதம் மட்டுமே கூடும். வெப்பநிலை வித்தியாசத்தை மட்டும் பயன்படுத்தும் கணக்கில் செல்சியஸும் கெல்வினும் ஒரே எண்ணைத் தரும். விகிதம் வந்தால் கெல்வின் கட்டாயம்.

கேஜ்ல முள்ளு 0-ல நிக்குதுன்னா டேங்க்ல காத்தே இல்லைன்னுதானுங்க அர்த்தம்?

வெளியில் இருக்கும் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு உள்ளேயும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சாதாரண கேஜ் காட்டுவது வெளி அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை. வாயு விதிக்கு வேண்டியது முழு அழுத்தம்: கேஜ் காட்டுவதோடு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்டியது. கோவையில் கேஜ் 2 பார் என்றால் முழு அழுத்தம் 2.965. கேஜ் 4 பார் என்றால் 4.965. டேங்கில் இருக்கும் காற்று இரண்டு மடங்கு ஆகவில்லை, 1.67 மடங்குதான் ஆகியிருக்கிறது.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் "ஏழு கிலோ காத்து" என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் விசை. 1 கிலோ = 0.981 பார் = 14.22 பிஎஸ்ஐ. 1 பார் = 100 கிலோபாஸ்கல் = 14.5 பிஎஸ்ஐ. ஒரு அட்மாஸ்பியர் = 1.01325 பார் = 760 மில்லிமீட்டர் பாதரசம். கிலோவும் பாரும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் தறிக்கூடத்தில் கலந்து சொன்னாலும் பாதகமில்லை. தேர்வுத் தாளில் கலக்கக் கூடாது.

ஆர் மதிப்பு ஒரு புக்குல 8.314, ஒண்ணுல 0.0821, இன்னொண்ணுல 62.36. இதுல எதுங்க சரி?

மூன்றும் சரி, மூன்றும் ஒரே அளவு. ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 8.314 ஜூல். கனஅளவை லிட்டரிலும் அழுத்தத்தை அட்மாஸ்பியரிலும் எடுத்தால் 0.08206. லிட்டரும் பாரும் என்றால் 0.08314. லிட்டரும் மில்லிமீட்டர் பாதரசமும் என்றால் 62.36. கலோரியில் 1.987.

லிட்டரும் கிலோபாஸ்கலும் சேர்ந்து பெருகினால் ஜூல் வரும். அதனால் கனஅளவை லிட்டரில், அழுத்தத்தை கிலோபாஸ்கலில் வைத்துக்கொண்டு 8.314 ஒன்றையே எல்லாக் கணக்குக்கும் பயன்படுத்தலாம். மற்ற மதிப்புகளை மனதில் வைத்துக்கொள்ளவே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. விடை சரியான விடையிலிருந்து சுமார் 101 மடங்கு விலகியிருந்தால் அட்மாஸ்பியருக்கு 8.314 போட்டிருக்கிறீர்கள். 1000 மடங்கு விலகினால் லிட்டர், கனமீட்டர் குழப்பம்.

22.4 லிட்டரா, 22.7 லிட்டரா? டியூஷன்ல ஒண்ணு சொல்றாங்க, ஸ்கூல்ல ஒண்ணு சொல்றாங்க.

இது திட்ட நிலையில் ஒரு மோல் வாயு பிடிக்கும் இடம். அந்த நிலைக்கு இரண்டு வரையறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பழையது 0 டிகிரி, 1 அட்மாஸ்பியர். ஒரு மோல் 22.414 லிட்டர். 1982-இல் சர்வதேச வேதியியல் ஒன்றியம் அழுத்தத்தை 1 பார் ஆக்கியது. ஒரு மோல் 22.711 லிட்டர். கேள்வியில் அழுத்தம் அட்மாஸ்பியர் என்றிருந்தால் முன்னது, பார் என்றிருந்தால் பின்னது.

ஆர் இரண்டிலும் மாறாது என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 101.325 × 22.414 ÷ 273.15 = 8.314. 100 × 22.711 ÷ 273.15 = 8.314. நடப்பில் இரண்டுமே நம் அறைக்குப் பொருந்தாது. கோவையில் 30 டிகிரி அறையில் ஒரு மோல் வாயு 8.314 × 303 ÷ 96.5, அதாவது சுமார் 26 லிட்டர் இடம் பிடிக்கும். ஆய்வகத்தில் சேகரித்த வாயுவுக்கு 22.4 போட்டால் ஆறில் ஒரு பங்கு பிசகும்.

டிப்ளமோ புக்குல காத்துக்கு ஆர் 287-ன்னு போட்டிருக்குதுங்க. ஆர் எல்லா வாயுவுக்கும் ஒண்ணுன்னு சொன்னீங்களே?

மோல் கணக்கில்தான் ஒன்று. ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³ மூலக்கூறுகள். ஒரே கனஅளவில் நல்லியல்பு வாயு (பி.வி = என்.ஆர்.டி-க்கு அப்படியே கட்டுப்படும் வாயு) தரும் அழுத்தம் மூலக்கூறுகளின் எண்ணிக்கையையும் வெப்பநிலையையும் மட்டும் பொறுத்தது. எடை குறைந்த மூலக்கூறு வேகமாக ஓடி அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஆர்-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மூலக்கூறுக்கான பங்கு கிடைக்கும். அதுதான் போல்ட்ஸ்மன் மாறிலி, 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின். 2019 மே 20 முதல் இவ்விரண்டு எண்களும் வரையறையாகவே நிர்ணயிக்கப்பட்டுவிட்டன. அதனால் ஆர் மதிப்பிலும் இனி அளவீட்டுப் பிழை கிடையாது.

எஞ்சினியரிங்கில் மோலை விட்டுவிட்டு கிலோவில் கணக்குப் போடுவார்கள். அப்போது ஆர்-ஐ அந்த வாயுவின் மோலார் நிறையால் வகுக்க வேண்டும். காற்றுக்கு 8.314 ÷ 0.02897 = 287 ஜூல், ஒரு கிலோவுக்கு, ஒரு கெல்வினுக்கு. நீராவிக்கு இது 461. ஆக 287 காற்றுக்கு மட்டும் உரியது. இதை வைத்து 500 லிட்டர் டேங்கில் கேஜ் 7 பார், 30 டிகிரியில் எத்தனை கிலோ காற்று என்று பார்க்கலாம்: 796500 × 0.5 ÷ (287 × 303) = 4.6 கிலோ.

லேப்ல சிரிஞ்ச் வெச்சு பாயில் விதி பண்ணினேன். கிராஃப் ஆரம்பப் புள்ளி வழியா போகவே மாட்டேங்குது. எங்க தப்பு?

கோடு நேராக வந்து, மூலப்புள்ளியை மட்டும் தவறவிட்டால் இரண்டில் ஒன்று. அழுத்தத்தை 1/வி-க்கு எதிராக வரைந்து, கோடு அழுத்த அச்சைப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 96 கிலோபாஸ்கலில் வெட்டினால், கேஜ் அழுத்தத்தை அப்படியே போட்டுவிட்டீர்கள். வெளி அழுத்தத்தைக் கூட்டுங்கள். 101.3 என்று கூட்டாமல் உங்கள் ஊரின் அழுத்தத்தைக் கூட்டுங்கள். இங்கே 5 சதவீதம் வித்தியாசம் வரும்.

அதைச் சரிசெய்த பிறகும் கோடு விலகினால், சிரிஞ்சையும் கேஜையும் இணைக்கும் குழாயில் உள்ள காற்றை விட்டுவிட்டீர்கள். இப்போது கனஅளவை 1/பி-க்கு எதிராக வரையுங்கள். கோடு கனஅளவு அச்சைப் பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை மில்லிலிட்டரில் வெட்டுகிறதோ, அதுவே குழாயின் கனஅளவு. 20 மில்லி சிரிஞ்சில் 1 மில்லி குழாயே கணிசமான பிழை தரும்.

கோடு நேராகவே வராமல் வளைந்தால் பிஸ்டனை வேகமாக அழுத்தியிருக்கிறீர்கள். உள்ளே காற்று சூடாகிவிட்டது. ஒவ்வொரு அளவுக்கும் அரை நிமிடம் விட்டு, முள் நின்றபின் எழுதுங்கள். அழுத்த அழுத்த பி.வி மதிப்பு ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போனால் காற்று கசிகிறது. பிஸ்டன் ரப்பரில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவிப் பாருங்கள்.

கோயமுத்தூர்ல 32 பிஎஸ்ஐ காத்து அடிச்சு ஊட்டிக்குப் போனா, மேல போனதும் டயர் வெடிக்கிற மாதிரி ஏறுமுங்களா?

ஏறாது. மேலே போகும்போது இரண்டு விளைவுகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. வெளி அழுத்தம் கோவையில் சுமார் 14 பிஎஸ்ஐ. 2240 மீட்டர் உயரத்து ஊட்டியில் சுமார் 11.2. டயருக்குள் முழு அழுத்தம் 46 பிஎஸ்ஐ. வெப்பநிலை மாறாவிட்டால் மேலே கேஜ் 46 − 11.2 = 34.8 காட்டும். வெப்பநிலை மாறாமல் இருக்காது. கீழே 32 டிகிரி, ஊட்டியில் விடியற்காலை 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால் உள்ளே 46 × 288 ÷ 305 = 43.4. கேஜ் காட்டுவது 32.2. கிட்டத்தட்ட போட்ட இடத்திலேயே நிற்கும்.

ஆனால் மலையேறி நின்றவுடன் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும், டயர் சூடாக இருப்பதால். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலையில் டயர் ஆறியபின் பார்த்தால் குறைவாகிவிட்டிருக்கும்.

நைட்ரஜன் அடிச்சா சூட்டுல பிரஷர் ஏறவே ஏறாதுங்கறாங்களே ங்ணா?

வெப்பநிலை உயர்ந்தால் நைட்ரஜனும் காற்றைப் போலவே ஏறும். மேலே சொன்ன டயரில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 1.5 பிஎஸ்ஐ, எந்த வாயுவாக இருந்தாலும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாத வாயு கிடைப்பது அதன் நன்மை. டிரெயின் பண்ணாத கம்ப்ரஸர் டேங்கிலிருந்து அடித்தால் காற்றோடு தண்ணீரும் டயருக்குள் போகும். சூட்டில் அது ஆவியாகி அழுத்தத்தைக் கூட்டும்.

ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்னு கேஜை வெச்சுச் சொல்ல முடியுங்களா?

முடியும், பாயில் விதி நேராகப் பொருந்தும் இடம் இது. டி வகைப் பெரிய சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவு 46.7 லிட்டர். கேஜ் 150 பார் என்றால் வெளியே வரக்கூடியது 46.7 × 150, சுமார் 7000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் 1400 நிமிடம், 23 மணி நேரம். பி வகைச் சிறிய சிலிண்டர் 10 லிட்டர். அதே அழுத்தத்தில் 1500 லிட்டர், 5 மணி நேரம்.

இங்கே கேஜ் அழுத்தத்தை அப்படியே பெருக்குவது சரி, ஏனென்றால் கடைசியில் வெளி அழுத்தத்துக்குச் சமமான ஆக்சிஜன் சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். அது வெளியே வராது. ஓட்ட மீட்டர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காட்டுகிறது என்பதையும் நோயாளிக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்பதையும் மருத்துவமனைதான் முடிவு செய்யும். கணக்கில் வரும் நேரம் முழுவதையும் நம்பாமல், கேஜ் முழு அளவில் கால் பங்குக்கு இறங்கும்போதே மாற்று சிலிண்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படீன்னா வீட்டு கேஸ் சிலிண்டர்லயும் கேஜ் மாட்டி மிச்சம் எவ்வளவுன்னு பார்க்கலாமுங்களே?

பார்க்க முடியாது. ஆக்சிஜன் சிலிண்டருக்குள் முழுக்க வாயு. சமையல் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோவில் பெரும்பகுதி திரவம். திரவம் ஒரு கரண்டி இருந்தாலும் அதற்கு மேலே நிற்கும் ஆவியின் அழுத்தத்தை வெப்பநிலையும் கலவையும்தான் தீர்மானிக்கும். முழு சிலிண்டரும் முக்கால்வாசி தீர்ந்த சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்டும். திரவம் தீர்ந்தபிறகுதான் முள் சட்டென்று விழும். அதற்குள் அடுப்பும் அணையப் போகும்.

எடை போடுவது ஒன்றே வழி. சிலிண்டரின் மேல் வளையத்தில் காலி எடை பொறித்திருக்கும். தராசு காட்டுவதில் அதைக் கழியுங்கள். பி.வி = என்.ஆர்.டி-இல் என் மாறினால் பி மாறும் என்பது உள்ளே இருப்பது வாயு மட்டும் என்றால்தான்.

ராத்திரி 7 பார்ல நிறுத்திட்டுப் போனேன், காலைல 6.2 காட்டுது. டேங்க் லீக்குங்களா?

லீக் என்று உடனே டேங்கைக் கழற்ற வேண்டாம். ஓடி நின்ற நேரத்தில் டேங்க் காற்று 60 டிகிரி இருந்திருக்கலாம். காலையில் 25 டிகிரி. முழு அழுத்தம் 7.965 × 298 ÷ 333 = 7.13, கேஜ் 6.16. இறக்கம் முழுவதும் சூடு ஆறியதால் வந்தது.

உறுதி செய்ய வேண்டுமானால் நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். அதன்பின் கேஜையும் டேங்க் சுவரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மறுபடி இரண்டையும் பார்த்து, முழு அழுத்தத்தைக் கெல்வினால் வகுங்கள். இரண்டு விடையும் ஒன்றானால் கசிவு இல்லை. குறைந்திருந்தால் எத்தனை சதவீதம் குறைந்ததோ அத்தனை சதவீதம் காற்று போயிருக்கிறது. அப்போது சோப்புத் தண்ணீரை முதலில் நான்-ரிட்டர்ன் வால்விலும் டிரெயின் வால்விலும் தடவுங்கள்.

கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்குதான்னு டேங்க் ரொம்புற நேரத்தை வெச்சுக் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். 500 லிட்டர் டேங்கை 0-விலிருந்து கேஜ் 7 பாருக்கு நிரப்ப வெளிக்காற்று 500 × 7 ÷ 0.965, சுமார் 3600 லிட்டர் வேண்டும். கம்ப்ரஸர் 35 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கனஅடி) என்றால் நிமிடத்துக்கு 1000 லிட்டர் வெளிக்காற்று. ஆக மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். தறிக்குப் போகும் வால்வை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். டேங்கில் தண்ணீர் தேங்கியிருந்தால் சீக்கிரம் நிரம்பியதுபோல் தோன்றும். முதலில் டிரெயின் செய்யுங்கள். காற்று சூடாக இருந்தாலும் சீக்கிரம் நிரம்பும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் வால்வு பிளேட், பிஸ்டன் ரிங், ஏர் ஃபில்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பாயில் விதில சூடே வரலீங்களே, ஆனா ஹெட்டைத் தொட முடியலையே?

பாயில் விதி வெப்பநிலை மாறாத நிலைக்கு. கம்ப்ரஸரின் சிலிண்டருக்குள் காற்று ஒரு நொடியில் பல தடவை அமுக்கப்படுகிறது. பிஸ்டன் செய்யும் வேலை சூடாக மாறி வெளியேற அவகாசமே கிடைப்பதில்லை. சூடு வெளியேறவே இல்லை என்று எடுத்துக்கொண்டால் பி.வி மாறாது என்பதற்குப் பதில், வி-ஐ 1.4 அடுக்காக்கிப் பெருக்கியதுதான் மாறாமல் நிற்கும். 30 டிகிரிக் காற்றை ஒரே கட்டத்தில் 0.965-லிருந்து 7.965 பாருக்குக் கொண்டுபோனால் கணக்குப்படி 280 டிகிரி வரும். நடப்பில் ஃபின்கள் சூட்டைக் கடத்துவதால் இதைவிடக் குறைவு. இரண்டு கட்டமாக அமுக்கி நடுவே குளிர்விப்பது இதனால்தான். ஃபின்களில் பஞ்சும் தூசும் படிந்தால் எண்ணெய் கருகி வால்வில் கரி பிடிக்கும்.

ஏனுங்க, மழையே இல்லை. டேங்க்ல மட்டும் இத்தனை தண்ணி எங்கிருந்துங்க வருது?

வெளிக்காற்றிலிருந்துதான். டால்டனின் பகுதி அழுத்த விதிப்படி ஈரக்காற்றில் நீராவி தனக்குரிய அழுத்தத்தைத் தனியே தருகிறது. 30 டிகிரியில் நீராவி அதிகபட்சம் 4.25 கிலோபாஸ்கல் தாங்கும். ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 2.55. காற்றை 0.965-லிருந்து 7.965 பாருக்கு, அதாவது 8.25 மடங்கு அமுக்கும்போது இது 21 ஆக வேண்டும். டேங்க் 35 டிகிரிக்கு ஆறினால் 5.6-க்கு மேல் நீராவியாக நிற்க முடியாது. மீதி நான்கில் மூன்று பங்கு தண்ணீராகக் கொட்டும்.

எடை கணக்கு இது. ஒரு கனமீட்டர் வெளிக்காற்றில் 2550 ÷ (8.314 × 303) = 1.01 மோல் நீராவி, 18 கிராம். அதில் 13 கிராம் டேங்கில் விழும். நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் இழுக்கும் கம்ப்ரஸரில் மணிக்கு 800 கிராம். பத்து மணி நேர ஷிப்ட்டில் 8 லிட்டர். ஷிப்டுக்கு ஒரு தடவை மட்டும் டிரெயின் திறந்தால் அதற்குள் ஒரு பகுதி தறிக்குப் போய்விட்டிருக்கும். டிரையருக்கு முன்னால் ஆஃப்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவி) இருந்தால் இதில் பெரும்பகுதி அங்கேயே பிரியும்.

கம்ப்ரஸர் போர்ல கேஜ் முதல்ல 6 கிலோ போயி, அப்புறம் நாலரைக்கு வந்து நிக்குதுங்க. மிஷின்ல கோளாறுங்களா?

கோளாறில்லை. அந்த முள் உங்கள் போரின் நீர்மட்டத்தைக் காட்டுகிறது. கம்ப்ரஸர் ஏர் பைப் வழியாகக் காற்றைப் போரின் அடிக்கு அனுப்புகிறது; அந்தக் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளும். ஏர் பைப்பின் அடியிலிருந்து காற்று வெளியே வர, அதன் மேல் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை மீற வேண்டும். 10 மீட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. அடியில் சொன்னால் 33 அடிக்கு 1 கிலோ. 6 கிலோ என்றால் பைப்பின் அடிக்கு மேல் சுமார் 200 அடி தண்ணீர். ஏர் பைப் 300 அடி இறக்கியிருந்தால் நீர்மட்டம் நிலத்திலிருந்து 100 அடியில். ஓட ஆரம்பித்தபின் நாலரை கிலோ என்றால் 150 அடி தண்ணீர். மட்டம் 50 அடி இறங்கியிருக்கிறது. பைப் உராய்வுக்கென்று கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அவ்வளவே.

பாயில் விதி வேலை செய்வது அங்கிருந்து மேலே. நாலரை கிலோ என்பது 4.41 பார்; அடியில் முழு அழுத்தம் 4.41 + 0.965 = 5.38 பார். மேலே 0.965. அடியில் ஒரு லிட்டராக இருக்கும் குமிழி வாய்க்கு வரும்போது ஐந்தரை லிட்டர். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் வெப்பநிலை அதிகம் மாறாது. விதி நன்றாகவே பொருந்தும். மேலே வர வர குமிழி பெருத்து, கடைசிச் சில அடிகளில் குழாயையே அடைத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் விட்டு விட்டுக் கொட்டுவது அதனால்தான்.

முள்ளைப் படிக்கும் விதம் இது. ஓடும் அழுத்தம் வாரத்துக்கு வாரம் இறங்கினால் நீர்மட்டம் இறங்குகிறது. ஏர் பைப்பின் பாதி நீளமாவது தண்ணீருக்குள் நின்றால் நன்றாக எடுக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் காற்றுதான் அதிகம் வரும், கரண்டு வீண். நீர்மட்டம் ஏறாமலே அழுத்தம் மட்டும் ஏறினால் ஏர் பைப்பில் அடைப்பு. தொடக்கத்திலேயே வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டி, தண்ணீரும் குறைந்தால், பைப் நடுவில் ஓட்டை விழுந்து காற்று அங்கேயே வெளியேறுகிறது. முள் காட்டும் கிலோவை 33 அடியால் பெருக்கினால் ஓட்டைக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் என்று தெரிந்துவிடும்.

வாண்டர் வால்ஸ் சமன்பாட்டுல வர்ற 'ஏ', 'பி' மாறிலியும் ஆர் மாதிரி எல்லா வாயுவுக்கும் ஒண்ணுங்களா?

இல்லை, ஒவ்வொரு வாயுவுக்கும் தனித்தனி. 1873-இல் வாண்டர் வால்ஸ் இரண்டு திருத்தங்கள் செய்தார். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அழுத்தம் குறைவதை ஏ கணக்கில் எடுக்கும். மூலக்கூறுகளுக்கே இடம் தேவைப்படுவதை பி கணக்கில் எடுக்கும். இந்த பி-ஐ அழுத்தத்தின் பி-யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு ஏ 3.64 (லிட்டர் வர்க்கம்-பார்/மோல் வர்க்கம்), பி 0.0427 லிட்டர்/மோல்.

300 கெல்வினில் ஒரு லிட்டருக்குள் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடை அடைத்தால் நல்லியல்பு சமன்பாடு 24.9 பார் என்கிறது. பி திருத்தம் அதை 26.05 ஆக்கும், ஏ திருத்தம் 3.64 கழிக்கும். விடை 22.4 பார். பத்து சதவீத வித்தியாசம். அதே வாயுவை 1 பாரில் வைத்திருந்தால் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழ்.

அப்ப ஆட்டோவுல போடற சிஎன்ஜிக்கு எந்தக் கணக்குங்க?

சிஎன்ஜி (அமுக்கிய இயற்கை வாயு) நிரப்பப்படும் 200 பாரில் நல்லியல்பு சமன்பாடு நேராகப் பொருந்தாது. அமுக்கத்திறன் காரணி என்ற எண்ணைச் சேர்த்து பி.வி = இசட்.என்.ஆர்.டி என்று எழுதுவார்கள். சிஎன்ஜியின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு அந்த அழுத்தத்தில், சாதாரண வெப்பநிலையில் இசட் சுமார் 0.8. அழுத்தமும் இடமும் அதே இருக்க, உள்ளே இருக்கும் மோல் 1/0.8 மடங்கு, அதாவது நல்லியல்புக் கணக்கைவிட ஏறத்தாழ கால் பங்கு கூடுதல். சிஎன்ஜி பங்க்கில் கேஸை கிலோவில் விற்பது இதற்கும் பொருத்தமாக இருக்கிறது.

வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் சூடாகிறது. 200 பார் காட்டி நிரப்பி முடித்து, வண்டி நின்று ஆறியபின் கேஜ் குறைவாகக் காட்டும். கம்ப்ரஸர் டேங்கில் காலையில் பார்த்த அதே இறக்கம்தான். மத்தியான வெயிலில் போடுவதைவிட விடியற்காலையில் போட்டால், அதே 200 பாருக்குச் சில சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும்.